சுவர்மேல் ஐந்து வட்டங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஊர்வம்பு பேசுகிறவள் அல்ல. எங்கள் தெருவில் அறிவிப்புப் பலகை ஒன்று வீடு வீடாகச் சுற்றும். குப்பை எடுக்கும் நாள் மாறினாலும் வாய்க்கால் தூர்வாரும் நாள் வந்தாலும் அதில் ஒரு தாளைச் செருகி அனுப்புவார்கள். படித்துக் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் பலகையை வாசலில் சாத்திவிட்டு ஓடிவிடுவார்கள். நான் மரியாதை தெரிந்தவள், கையில்தான் கொடுப்பேன். கையில் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை பேசாமல் திரும்ப முடியுமா? அவர்கள் சொல்வது என் காதில் விழுந்தால் அது யார் குற்றம்?

எங்கள் கினாசி ஊரில் நெல் வயலை விடப் போன்சாய்க் குட்டை மரத்துக்கான பைன் வயல்தான் அதிகம். வரிசை வரிசையாகத் தரையில் வளர்த்து, கம்பி சுற்றி, வளைத்து, பத்து இருபது வருஷம் கழித்துத் தோண்டியெடுத்து, மரப்பெட்டியில் சில காலம் வைத்து வேரை அடக்கி, பிறகு தொட்டிக்கு மாற்றுவார்கள். இங்கே ஆண்கள் மகனைப் பார்ப்பதைவிட மரத்தை அதிகம் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் விதிவிலக்கு. அவர் பார்ப்பது சாராய பாட்டிலை.

எங்களுக்கு வடக்கே அடுத்த வீடு ரியோகிச்சியுடையது. நடுவில் என் இடுப்புயரத்துக்கு ஒரு கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் என் வெங்காயத்தாள் பாத்தி, அந்தப் பக்கம் அவருடைய மரங்கள் நிற்கும் மேடை. மேடையின் ஓரத்தில், சுவரை ஒட்டி, கொத்துக்கு ஐந்து ஊசியிலை விடும் ஓர் ஐந்தூசிப் பைன் பெட்டியில் இருந்தது. அடிமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் பாத்தியில் என்ன விளைகிறது என்று எட்டிப் பார்ப்பது போல நிற்கும். முப்பத்தோரு வருஷ மரம். கருப்புப் பைன் மாதிரி முரட்டுப் பட்டை இதற்குக் கிடையாது, தோல் மெல்லியது. அதற்கென்று ரியோகிச்சியும் அவருடைய நண்பர் இவாசேயும் இரண்டு வருஷம் முன்பு சூளைக்கே போய், நாள் முழுக்கச் சண்டை போட்டு, சாம்பல் நீலத்தில் ஒரு நீள்வட்டத் தொட்டி வாங்கி வந்தார்கள். மரத்துக்கு அது முதல் தொட்டி. இந்த மார்ச்சில் மாற்றுவதாக ஏற்பாடு.

போன ஜூலையில் ரியோகிச்சி மேடைகளுக்கு நடுவே, கையில் தண்ணீர்க் குழாயோடு விழுந்தார். மூளையில் அடைப்பு. வலது கையும் காலும் போயின, பேச்சு பாதி போயிற்று. அவர் மனைவி கிவாகோ உதோன் நூடுல்ஸ் கடையில் மாவு பிசைகிறவள். முப்பது வருஷம் அந்த மரங்களோடு ஒரே வளவில் இருந்தும் அவற்றின் பெயர்கள்கூட அவளுக்குத் தெரியாது. இந்த ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் அவர் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது இன்னொருவர் பொறுப்பு. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் நன்றி சொல்லவும் மாட்டார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கு இவாசே அங்கே குழாயோடு நின்றார். கோடையில் பெட்டி மரங்களுக்கு ஒரு நாளில் இரண்டு முறை, வெயில் கொளுத்தினால் மூன்று முறை. அவருக்கோ தன் வயலே பெரிய வயல், உதவிக்கு ஆள் கிடையாது, தனிக்கட்டை. ஆனாலும் வந்தார்.

ஒரே ஒரு நாள் தவிர.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி. வெயிலில் காகம்கூடக் கத்தவில்லை. தகாமத்சு நகரத்தில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே, பணம் கட்டி ஆடும் சைக்கிள் பந்தயத் திடலுக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரம், அந்தப் பழைய பச்சைத் தொப்பியோடு இவாசே! மத்தியானம் பன்னிரண்டரை மணி. தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம். நான் யாரிடமும் சொல்லவில்லை. முடி வெட்டும் கடையில் மட்டும் சொன்னேன்.

இனி பிப்ரவரிக்கு வருகிறேன். மாதக் கடைசியில் ஒரு நாள் கிவாகோ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் பெயரோடு மரியாதைக்கு ‘சான்’ சேர்த்துக் கூப்பிட்டாள்.

“நோபுயோ சான், கொஞ்சம் வந்து பாருங்களேன். இந்த மரம் ஏதோ மாதிரி இருக்கு.”

சுற்றிக்கொண்டு போனேன். என் பாத்தியைப் பார்க்கிற கிளையில் ஊசிகள் மஞ்சளாகிக் கொண்டிருந்தன. அதன் கீழே, அடிமரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை உள்ளே அமுங்கி நிறம் மாறிக் கிடந்தது.

“அவர் மார்ச் இருபதாம் தேதி ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு வர்றார். தினம் போன்ல ஒரே கேள்வி. ‘மரம்... தொட்டி... இவாசே’. மூணே வார்த்தை. அதைச் சொல்லத்தான் இத்தனை மாசம் பயிற்சி எடுத்த மாதிரி. நான் என்னன்னு சொல்வேன்?”

அவள் ஒரு மஞ்சள் ஊசியைக் கிள்ளிக் கையில் வைத்துப் பார்த்தாள். மாவு பிசைந்து பிசைந்து ஆண்பிள்ளைக் கை போல ஆன கை.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. “ஆகஸ்ட் பதினாறாம் தேதியை நினைச்சுப் பாத்தா...” என்று ஆரம்பித்தேன்.

முடித்தபோது கிவாகோவின் முகம் வெந்த மாவு மாதிரி வெளுத்திருந்தது. மறுநாள் காலை இவாசே வழக்கம்போல வந்தார். நான் வெங்காயத்தாள் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் பிடுங்க வேண்டும், காலையில்தான் அது இளசாக இருக்கும்.

“இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம், இவாசே சான்” என்றாள் கிவாகோ.

“என்ன சிரமம். பத்தாம் தேதி வாக்கில தொட்டி மாத்திடுவோம். அதுக்கப்புறம் மொட்டு நீண்டுடும், வேரைத் தொடக் கூடாது.”

“மாத்த வேண்டாம். ஆகஸ்ட்ல நீங்க பந்தயத்துக்குப் போனீங்களா?”

இவாசே தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டார். “போனேன்.”

“அன்னிக்கு மத்தியானம் தண்ணி?”

“ஊத்தலை. சாயங்காலம் ஊத்தினேன்.”

“எதுக்குப் போனீங்க?”

அதற்கு அந்த மனிதர் பதிலே சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரு சாக்கு, ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அமுங்கிய பட்டையை ஒரு முறை பார்த்தார். குழாயைச் சுருட்டி மாட்டினார். குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து ரியோகிச்சியோடு திரிந்தவர், அந்த வாசலைத் தாண்டி வெளியே போனதை நான் பார்த்தேன். சந்தோஷமாக இல்லை. வெங்காயத்தாளும் முற்றலாக இருந்தது.

கிவாகோ விட்டுவிடவில்லை. மரம் வளர்ப்பவர்கள் சங்கத்தில் சொல்லி, மார்ச் எட்டாம் தேதி மர டாக்டரை வரவழைத்தாள். ஷிராகி என்ற அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். சின்னஞ்சிறு காரிலிருந்து ஒரு மரச்சுத்தி, ஊசி, பூதக்கண்ணாடி, அளவு நாடா எல்லாவற்றையும் இறக்கினாள். அறிவிப்புப் பலகை அன்று காலைதான் எனக்கு வந்திருந்தது. கொடுக்கப் போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சற்று நேரத்தில் வாசலில் பச்சைத் தொப்பி தெரிந்தது. டாக்டர் வருவது எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. முடி வெட்டும் கடை எல்லாருக்கும் பொதுதானே.

“நான் உங்க வாசல் சாவியைக் குடுத்துட்டுப் போகலாம்னு...” என்றார். சாவியைக் கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை.

டாக்டர் யாரையும் கண்டுகொள்ளவில்லை. முதலில் மரத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு சுத்தியின் பிடியால் அடிமரத்தை மெதுவாகத் தட்டினாள், பழக்கடையில் தர்பூசணியைத் தட்டுவது போல. நல்ல இடத்தில் டக் டக் என்றது. அமுங்கிய இடத்தில் சத்தம் உள்வாங்கியது.

“புழு அரிச்சிருக்குமோ?” என்று கேட்டேன். யாராவது கேட்க வேண்டுமே.

“ஓட்டை இல்ல, தூள் கொட்டல. புழு இல்ல.”

“கம்பி இறுக்கினதா?”

“கம்பித் தழும்பு சுத்திச் சுத்தி வரும், அம்மா. இது நேர் கோடு.” என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றாள்.

“பக்கத்து வீடு. பலகை குடுக்க வந்தேன்.”

“குடுத்தாச்சா?”

இவாசேயின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. நான் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

பெட்டியின் ஒரு மூலையில் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்து மோந்து பார்த்தாள். “வேர் அருமையா இருக்கு. இந்த வெள்ளைப் பூசணம் பாருங்க, பைனுக்கு இது பாலும் தயிரும் மாதிரி. தண்ணி இல்லாம காய்ஞ்ச மரம்னா நுனி ஊசிங்க எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கருகும். இங்க ஒரு கிளைதான், அதுவும் காயத்துக்கு நேர் மேல இருக்கிறது.”

கிவாகோ முன்னால் வந்தாள். “அப்போ ஆகஸ்ட்ல ஒரு வேளை தண்ணி ஊத்தாதது...”

“ஒரு வேளையா?” டாக்டர் ஊசியால் அமுங்கிய பட்டையின் ஓரத்தை மெதுவாகத் தூக்கினாள். அடியில் பழுப்பு. ஒரு மயிரிழை தள்ளி, பச்சை. “இதப் பாருங்க. ஆகஸ்ட்ல பட்ட காயம்னா மரம் சும்மா இருக்காது. குளிர் வர்றதுக்கு முன்னால ஓரத்துல சதை வளர்த்து, உதடு மாதிரி சுருட்டிக்கும். இங்க உதடே இல்ல. வெட்டின மாதிரி ஓரம். மரம் தூங்கப் போனதுக்கப்புறம் பட்டது. டிசம்பர், ஜனவரி. ஏதோ ஒண்ணு சுட்டிருக்கு.”

“குளிர்காலத்துல சுடுமா?” என்றாள் கிவாகோ.

“அதுதான் எனக்கும் புரியல.” காயத்தின் கீழ் முனையில் விரலை வைத்தாள். அது கத்தியால் அறுத்தது போல நேராக நின்றுபோயிருந்தது. “இதுக்குக் கீழ சுவரோட நிழல். நிழல் காப்பாத்தியிருக்கு. சூடு தெற்கேருந்து, சுவருக்கு மேல வந்திருக்கு. இந்தச் சுவர்மேல ஏதாவது இருந்துதா?”

எல்லாரும் சுவரைப் பார்த்தோம். மேல்விளிம்பில் பாசி படர்ந்திருந்தது. அந்தப் பாசியில், தட்டு வைத்து எடுத்தது போல, ஐந்து வட்டங்கள் வரிசையாக வெளுத்துக் கிடந்தன.

“என்ன வட்டம் இது?” என்றாள் டாக்டர்.

“தெரியலியே” என்றேன். அது பொய். சின்னப் பொய்தான். பாட்டில் வைத்த இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தண்ணீர் பாட்டிலுக்கும் சுட்ட மரத்துக்கும் என்ன சம்பந்தம், நாமே போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வாய் தானாக மூடிக்கொண்டது. என் வாய் தானாக மூடியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் போகும்போது சொன்னாள்: “தொட்டி மாத்தலாம். வேரை ரொம்ப வெட்டாதீங்க, பாதிப் பழைய மண்ணோட வையுங்க. ஆனா ஒரு வாரத்துக்குள்ள. தாண்டிட்டா அடுத்த வருஷம்தான். தெரிஞ்ச கை செய்யணும்.”

தெரிஞ்ச கை அங்கேயே நின்றது. கிவாகோ அதைப் பார்த்தாள். “இவாசே சான், நான்தான் தப்பா...”

“இல்ல” என்றார் இவாசே. “டாக்டர் என்ன வேணா சொல்லட்டும். அன்னிக்கு நான் தண்ணி ஊத்தாமப் போனது நிஜம். அந்த ஒரு வேளையில மரம் சோர்ந்திருக்கும். சோர்ந்த மரத்துக்குத்தான் எதுவும் வரும். நான் இதுல கை வைக்க மாட்டேன். அவன் வந்து கேட்டா, நான் கெடுத்த மரத்தை நானே தொட்டியில வெச்சேன்னு எப்படிச் சொல்வேன்?”

“அப்போ யார் செய்வா? நானா?”

“ஒரு வருஷம் போகட்டும்.”

“அவருக்கு ஒரு வருஷம் இருக்கான்னு யாருக்குத் தெரியும்!” என்றாள் கிவாகோ. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

இவாசே சாவியை மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் வீட்டுக்கு வந்தேன். பலகை இன்னும் என் கையில்தான் இருந்தது.

சமையலறை மேசையில் போட்டேன். முப்பது வருஷமாக அந்தப் பலகையைச் சுமக்கிறேன். எந்தத் தாளையும் நான் முழுக்கப் படித்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது நுழைவுச்சீட்டு. நுழைவுச்சீட்டை யார் படிப்பார்கள்? அன்று உட்கார்ந்து எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. தீயணைப்புப் படையின் வசந்தகால அறிவிப்பு. காய்ந்த சருகைக் கொளுத்தாதீர்கள். புகைத்த சிகரெட் துண்டை அணையுங்கள். மூன்றாவதாக, படம் போட்டு: பூனை விரட்டுவதற்காகத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். சாய்ந்த குளிர்கால வெயிலை அவை பூதக்கண்ணாடி போலக் குவித்து, அருகில் இருப்பதைச் சுட்டுவிடும்.

எங்கள் ஊரில் தண்ணீர் பாட்டில் இல்லாத சுவர் கிடையாது. பூனைக்கு அதன் மினுக்கல் பிடிக்காது என்பார்கள். வாசலில் செருப்பு கிடப்பது மாதிரி, யார் கண்ணிலும் படாத பொருள். மற்ற வீடுகளில் தேநீர் பாட்டில், சுவரடியில் தரையில் இருக்கும். என் வீட்டுக்காரர் குடிப்பது நான்கு லிட்டர் கிழங்குச் சாராயம். அந்த பாட்டில் குழந்தை வயிறு மாதிரி உருண்டு இருக்கும். நவம்பரில் பூனைகள் சுவர்மேல் நடந்து வந்து என் வெங்காயத்தாள்மேல் ஒன்றுக்கிருந்தன என்று, ஐந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சுவர்மேலேயே வரிசையாக வைத்தேன். பிப்ரவரி நடுவில் எடுத்துவிட்டேன், ஏனென்றால் பூனைகள் அவற்றின்மேல் முதுகைச் சாய்த்துக் குளிர்காய ஆரம்பித்தன. சூடாக இருக்கிறது என்று பூனைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

சுற்றி முடிந்த தாள்கள் கடைசியில் என் வீட்டுக்கே திரும்பும், அந்தக் கட்டைப் பிரித்தேன். நவம்பர் அறிவிப்பு கிடைத்தது. அதே படம், அதே மூன்றாவது வரி. கீழே கையெழுத்து வரிசையில் முதல் பெயர் என்னுடையது. பாட்டில்களை வைத்த அதே வாரம்.

“என்னடி, இவ்வளவு நேரமா பேசாம இருக்க? காய்ச்சலா?” என்றார் என் வீட்டுக்காரர், தொலைக்காட்சியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

“உங்க சாராயத்தால ஒரு மரம் செத்துக்கிட்டிருக்கு.”

“மரம் குடிக்குதா?” என்றார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பது உண்மை. பழி இவாசேயின் தலையில் ஏற்கெனவே இறங்கிவிட்டது, அவரே அதைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறார். நான் சும்மா இருந்தால் போதும். ஆனால் சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதோடு, சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் மாலையில் தொலைபேசி ஒலித்தது. கிவாகோ ஒவ்வொரு நாளும் “ஆமா, ஆமா, நல்லா இருக்கு” என்று பொய் சொல்வது எனக்குக் கேட்டது. அவளுக்குப் பொய் வராது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, நல்ல வெயில். கிவாகோவுக்குக் கடை விடுமுறை. முதலில் இவாசே வீட்டுக்குப் போனேன்.

“அவசரம். ரியோகிச்சி வீட்டுக்கு வாங்க.”

“என்ன ஆச்சு?”

“வந்தாத்தான் சொல்வேன்.”

“நீங்க சொல்லாம அடக்கி வெச்சிருக்கீங்கன்னா பெரிய விஷயம்தான்” என்று செருப்பை மாட்டினார்.

ஒரு சாராய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிச் சுவர்மேல் நடு வட்டத்தில் வைத்தேன். அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. மர மேடையின் பக்கம் நின்று, பலகையில் இருந்த தீயணைப்பு அறிவிப்பை, படம் போட்ட கறுப்புக் கட்டம் முன்னால் வரும்படி, பாட்டிலுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் பிடித்தேன். தாளில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கண் கூசுகிற கோடு. நேராக, இரண்டு விரல் தடிப்பில், பிறகு தாளை அருகே கொண்டுபோகப் போகக் கத்திமுனை மாதிரி மெலிந்து.

“என்ன பண்றீங்க, நோபுயோ சான்?” என்றாள் கிவாகோ.

“பேசாதீங்க. பாருங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பிறகு ‘வைக்காதீர்கள்’ என்ற எழுத்தின்மேல் பழுப்பு படர்ந்து, மெல்லிய ஒரு புகைநூல் எழுந்தது. தீயணைப்புப் படையின் தாளில்.

தாளை ஊதி அணைத்துவிட்டு நான் பேசினேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எல்லாவற்றையும் சொன்னேன். பூனை, வெங்காயத்தாள், வட்டம், படிக்காமல் போட்ட கையெழுத்து, டாக்டரிடம் சொன்ன பொய். முடி வெட்டும் கடையையும் சொல்லிவிட்டேன்.

கிவாகோ நேராகச் சுவரிடம் போனாள். சுவர்மேல் இருந்த பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், அவ்வளவு தண்ணீரையும் நிதானமாக என் வெங்காயத்தாள்மேல் ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரை.

“எட்டு மாசம்” என்றாள். “எட்டு மாசமா காலைல அஞ்சரைக்கு வந்த மனுஷனை நான் வாசல்ல நிறுத்தி அனுப்பினேன்.”

“என்னை ஏச வேண்டியதுதானே, ஏசுங்க” என்றேன்.

“ஏசத்தான் போறேன். நேரம் வரும்.” பிறகு இவாசே பக்கம் திரும்பி, இடுப்பு வரை குனிந்தாள். நிமிரவே இல்லை.

இவாசேவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினார், போட்டார், கழற்றினார். “எந்திரிங்க, எந்திரிங்க. ரத்தம் தலைக்கு ஏறும்.” பிறகு மரத்தின் பக்கம் போய், காயத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். “மண்ணு சலிச்சு வெச்சிருக்கேன். போன மாசமே. நாளன்னிக்கு வெயில் இருக்காதுன்னு சொல்றாங்க. அன்னிக்குச் செய்யலாம்.”

“கை வைக்க மாட்டேன்னீங்களே” என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அம்மணி, நீங்க மரத்தைப் பிடிச்சுக்கப் போறீங்க. மூணு மணி நேரம். அசையக் கூடாது, பேசக் கூடாது.”

அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. பன்னிரண்டாம் தேதி, மேகமூட்டம். பெட்டியின் பலகைகளைக் கழற்றியபோது வேர்கள் பெட்டியின் வடிவத்திலேயே சதுரமாகப் பின்னிக்கொண்டு வந்தன. இவாசே ஒரு சோற்றுக்குச்சியால் அவற்றை ஓரத்திலிருந்து கோதிக் கோதிப் பிரித்தார், சிக்கெடுக்கும் தாய் மாதிரி. கெட்டியான நீள வேர்களை மட்டும் நறுக்கினார். ஒரு பக்கத்துப் பழைய மண்ணை அப்படியே விட்டுவைத்தார். தொட்டியின் துளைகளுக்கு வலை வைத்து, கம்பியை அடியிலிருந்து மேலே இழுத்து, சிவப்பு மண் உருண்டைகளை மேடாகக் கொட்டி, அதன்மேல் மரத்தை உட்காரவைத்து இப்படியும் அப்படியும் திருகி அமர்த்தினார். நான் அடிமரத்தை நல்ல பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மூக்குக்கு நேரே அந்தக் காயம். மூன்று மணி நேரம் பார்த்தேன். மூக்கு அரித்தது. சொரியவில்லை.

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இல்ல?” என்றேன் ஒரு தடவை.

“பேசக் கூடாது” என்றாள் கிவாகோ. அவள்தான் குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி வேர்களுக்கு நடுவே இறக்கினாள். மாவு பிசைந்த கை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவாசே இரண்டு முறை நிறுத்திப் பார்த்தார். “இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க?” என்றார். “உதோன் கடையில” என்றாள்.

இருபதாம் தேதி ரியோகிச்சி வந்தார். சக்கர நாற்காலியில், இளைத்துப்போய், வலது கையை மடியில் ஒரு பொட்டலம் மாதிரி வைத்துக்கொண்டு. அன்று பலகை எதுவும் சுற்றவில்லை. நான் பலகாரம் எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். கேட்கவில்லை. இடது கையால் மேடையைக் காட்டினார். மரத்தின் முன்னால் நாற்காலியை நிறுத்தினார்கள். நீண்ட நேரம் பார்த்தார். கிவாகோ காயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

“ரெண்டு... விரல்” என்றார்.

“என்னடா ரெண்டு விரல்?” என்றார் இவாசே.

“வலது... தள்ளிட்ட. எடம்... தப்பு.”

“எது தப்பு? சூளையில நீ காட்டின எடம்டா இது! கோடு போட்டுக் காட்டினியே!”

“தப்பு.”

“பேச்சு வராட்டியும் பிடிவாதம் வருது பாரு இவனுக்கு!” இவாசே தொப்பியைத் தரையில் அடித்தார். கிவாகோ மேலங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காயம் எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. ரியோகிச்சி இடது கை விரலை நீட்டி, அதன் ஓரம் நெடுகத் தடவினார். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கிவாகோ தொலைபேசியிலேயே சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

“பூனை?” என்றார்.

“இன்னும் வருது” என்றேன்.

சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது, ஆனால் நன்றாகச் சிரித்தது. பிறகு இவாசேயின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவரைக் குனியவைத்தார். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டார், பாவம். அந்தக் குரலுக்கு இப்போது ரகசியம் தெரியாது.

“ஆகஸ்ட்... நான் அனுப்பினேனே... எந்தச் சைக்கிள்... ஜெயிச்சுது?”

இவாசே நெருப்பை மிதித்தது போல நிமிர்ந்தார். கிவாகோவின் கை மேலங்கியோடு அப்படியே நின்றது.

கிவாகோ தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கி, பந்தயத்தில் பணம் கட்டுவதை ரியோகிச்சி விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அது தெரு முழுக்கத் தெரியும். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து, பேச்சு பாதி போன வாயால், நண்பனைப் பந்தயத்துக்கு அனுப்பியிருக்கிறார் மனிதர்! அனுப்பப்பட்டவரோ மரத்தைக் கொன்ற பழியைக்கூட வாங்கிக்கொண்டார், எதற்குப் போனீங்க என்ற கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை.

“இவாசே சான்” என்றாள் கிவாகோ மெதுவாக. “எதுக்குப் போனீங்கன்னு அன்னிக்கு நான் கேட்டேன்.”

“கேட்டீங்க.”

“சொல்லியிருக்கலாமே.”

“அவன் சொல்லாத... சொல்லாதேன்னான். அதுக்கே அவனுக்கு அரை மணி நேரம் ஆச்சு.”

கிவாகோ புருஷனைப் பார்த்தாள். அவர் மிகவும் கவனமாகத் தொட்டியின் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ள வாங்க ரெண்டு பேரும்” என்றாள். “உதோன் ஆறுது. ஏச்சு அதுக்கப்புறம்.” நாற்காலியை இவாசே தள்ளிக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம் இரண்டு விரலா ஒரு விரலா என்ற சண்டை கேட்டது.

என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நியாயம்தான். பலகாரத்தை மேடைமேல் வைத்துவிட்டு, மரத்துக்கு ஒரு கையளவு தண்ணீர் தெளித்தேன். கிவாகோ பார்த்தால் திட்டுவாள், இவாசே பார்த்தால் இன்னும் திட்டுவார். சுவர்மேல் சாம்பல் நிறப் பூனை ஒன்று நடு வட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

பந்தயச் செய்தி இந்த வருஷத்தின் மிகப் பெரிய செய்தி. நான் யாரிடமும் சொல்லவில்லை. முடி வெட்டும் கடைக்கு நாளை மறுநாள் போக வேண்டியிருக்கிறது. தள்ளிப்போட்டிருக்கிறேன். முடி காதுக்குக் கீழே வந்துவிட்டது.